எண்ணெய் மேல் வைத்த சும்மாடு

சூப்பர் மார்க்கெட்டில் எனக்கு முதல் எதிரி அந்தக் கண்ணாடிக் கதவு. தள்ளணுமா இழுக்கணுமா என்பது இன்றுவரை எனக்குக் கைக்கு வரவில்லை. கதவில் எழுதித்தான் இருக்கிறது. பத்தாவது வரை படித்தவள் நான், எழுத்துத் தெரியாதவள் இல்லை. ஆனால் உள்ளே நிற்கிறவர்கள் எல்லாரும் நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும்போது எழுத்து எங்கே கண்ணில் படும்? தள்ள வேண்டிய கதவைப் பிடித்து இழுப்பேன். வராது. இன்னும் பலமாக இழுப்பேன். வலை இழுத்துப் பழகிய வம்சம், கதவைக் கையோடு பிடுங்கிவிடப் போகிறாளே என்று உள்ளிருந்து ஒருவர் ஓடிவந்து திறந்துவிடுவார். "தள்ளுங்கம்மா" என்பார். அவர் சிரித்தாரா இல்லையா என்று நான் பார்த்ததே கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன்.

நான் கோட்டைக்குப்பத்துக்காரி. மீன் விற்கிறவள். வீட்டுக்காரர் ஏரியில் பிடித்து வருவதையும், பற்றாததற்குக் கரையில் ஏலம் எடுப்பதையும் கூடையில் போட்டுக்கொண்டு காலையில் பொன்னேரிக்குப் போவேன். வெயில் ஏறுவதற்குள் விற்றுவிட்டால் வீட்டுக்கு வேண்டியதை அங்கே இருக்கிற இந்தச் சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிக்கொண்டு திரும்புவேன். எங்கள் பழவேற்காட்டில் டச்சுக்காரன் கோட்டை கட்டிக் கிடங்கு வைத்திருந்த காலத்தில் கப்பல் கப்பலாகச் சரக்கு வந்து இறங்குமாம். ஜாதிக்காய் என்ன, கிராம்பு என்ன, பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டார்கள். இன்றைக்குக் கல் இல்லாத துவரம்பருப்பு வேண்டுமென்றால் நான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. டச்சுக்காரன் கல்லறையைத் தாண்டித்தான் பஸ் போகும். அவன் நிம்மதியாகப் படுத்திருக்கிறான், நான் பை தூக்குகிறேன்.

பழவேற்காட்டில் கடையே இல்லை என்று சொல்லவில்லை. கடைத்தெருவில் பாய் கடை இருக்கிறது. பருப்பில் கல் இருக்கும். ஆனால் மறுநாள் போய், "இன்னா பாய், பருப்பு விக்கிறியா, ரோடு போட ஜல்லி விக்கிறியா?" என்று கேட்கலாம். அவரும் சிரித்துக்கொண்டே ஒரு துண்டு வெல்லத்தைப் பொட்டலத்தில் போட்டு என் வாயை அடைப்பார். சூப்பர் மார்க்கெட்டில் யாரைப் போய்த் திட்டுவது? பருப்பைப் பாக்கெட்டில் கட்டியவன் எந்த ஊரில் இருக்கிறானோ. விலையை யார் போட்டார்கள் என்று கேட்டால் கம்ப்யூட்டர் என்கிறார்கள். நாள் முழுக்க என்னோடு பேரம் பேசுகிறவர்களிடம் வாய் ஓய வாதாடிவிட்டு வருகிறவளுக்கு, ஒரு வார்த்தை பேசாமல் சாமான் வாங்குவது தொண்டையில் முள் சிக்கின மாதிரி இருக்கும்.

கதவுக்கும் முன்னாலேயே வாட்ச்மேன் பேஜாரு ஒன்று உண்டு.

"இந்தாம்மா, கூட வெளியில."

"வெளியில எங்கய்யா?"

"அப்டி ஓரமா. வண்டிங்க நிக்குற எடத்துல வைக்காத. வாசல்ல வைக்காத. ஸ்மெல்லு வருதுன்னு கம்ப்ளெயின்டு பண்றாங்க."

தெருக்குழாயில் கூடையை நன்றாக அலசித் தட்டிவிட்டுத்தான் வருவேன். ஆனாலும் அவர் சொல்கிற விதத்தில், உள்ளே ஒரு பிணத்தை வைத்து எடுத்து வந்தவள் மாதிரி ஆகிவிடுவேன். சாக்கடை ஓரமாகக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாய் எதுவும் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போவேன்.

உள்ளே போனால் ஏசி. வெயிலில் மீன் வாசனை காற்றோடு போய்விடும். ஏசியில் அது எங்கேயும் போகாது, என் பின்னாலேயே வரும். ஒரு தடவை சோப்பு அடுக்கியிருக்கிற பக்கம் நின்றிருந்தேன். கடையில் வேலை செய்கிற ஒரு பெண் வாசனை ஸ்பிரே அடித்துக்கொண்டே வந்தாள். எப்போதும் அடிப்பதுதானா, எனக்காக அடித்தாளா? யாரிடம் கேட்பது? சோப்பையே வாங்காமல் நகர்ந்துவிட்டேன். நான் ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தால் பின்னாலேயே ஒருத்தி வந்து அதை நேராக வைப்பாள். நான் கோணலாக வைத்திருக்கவே மாட்டேன். இருந்தாலும் நேராக வைப்பாள்.

கத்தரிக்காய் எடுத்தால் அதை வேறோர் இடத்தில் கொண்டுபோய் எடை போட்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டு வர வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். கடைசியில், பில் போடுகிற இடத்தில், எனக்குப் பின்னால் ஒரு கூட்டமே நிற்கும்போதுதான் சொல்வார்கள். "எடை போடலியாம்மா? போட்டுட்டு வாங்க." பின்னால் நிற்பவர்கள் "ச்சு" கொட்டுவார்கள். அந்த "ச்சு" இருக்கிறதே, அதற்குப் பதிலாக நான் கன்னத்தில் ஓர் அறையை வாங்கிக்கொண்டு போய்விடுவேன். எடை போட்டுவிட்டு வந்தால் என் முறை போயிருக்கும். எங்கள் ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. இன்றைக்கு யாருக்கு முறையோ அவர்கள்தான் அந்த இடத்தில் வலை இறக்கலாம், பட்டினி கிடந்தாலும் மற்றவர் இறக்க மாட்டார்கள். இங்கே கையில் ஒரு ஷாம்புவை ஆட்டிக்கொண்டு, "ஒரே ஒரு ஐட்டம்தாங்க" என்று சிரித்தபடி புகுந்துவிடுகிறார்கள். சிரித்துவிட்டால் தப்பில்லை போலிருக்கிறது.

"போன் நம்பர் சொல்லுங்க."

"நம்பர் இன்னாத்துக்கு? உப்புதான வாங்குறேன்?"

அதற்கும் பின்னால் ஒரு "ச்சு".

இப்படிப்பட்ட கடையில்தான் என் மகளுக்கு வேலை கிடைத்தது.

அவள் எனக்கு ஒரே பெண். பொன்னேரியில் காலேஜ் படித்து முடித்தவள். அவளுக்குப் பில் போடுகிற வேலை. முதலில் சில மாதம் பார்ப்பார்களாம். பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் போகச் சொல்லிவிடுவார்கள். சொந்தத்தில் ஒரு படகுக்காரர் வீட்டிலிருந்து அவளைக் கேட்டு வந்தபடி இருந்தார்கள். அவள் நைனாவுக்கும் அந்த இடத்தின் மேல் ஒரு கண். "இன்னும் கொஞ்ச நாள் வேலைக்குப் போறேன் நைனா" என்று இவள் அழுது அடம் பிடித்தபோது அவர் ஒரு வார்த்தை கொடுத்தார். வேலை நிரந்தரமானால் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன், ஆகாவிட்டால் அவர்கள் சொல்கிற முகூர்த்தம்தான். ஆகவே அந்த பில் மெஷினில்தான் என் பெண்ணின் தலையெழுத்து உட்கார்ந்திருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். பதினெட்டு நிறைந்ததும் என்னைக் கட்டிக்கொடுத்துத் தலையில் கூடையை ஏற்றினார்கள். இவள் தலையில் அது ஏறக் கூடாது என்பதில் அவளைவிட எனக்குத்தான் வெறி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருநாள் தலை வாரிக்கொண்டே சொன்னாள்.

"எம்மா, நீ கடைக்கு வந்தா என் கவுண்டருக்கு மட்டும் வராத. வேற கவுண்டருக்குப் போ."

"சரி கண்ணு" என்றேன்.

ஏன் என்று கேட்டிருக்கலாம். வாய் இருக்கிறது, நாள் முழுக்க அதை வைத்துத்தானே பிழைக்கிறேன்? கேட்கவில்லை. காரணத்தை நானே முடிவு செய்துகொண்டேன். அடுப்பங்கரையில் போய் என் கையை மோந்து பார்த்தேன். எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் இருக்கிறது போகாது. அவளைக் குற்றம் சொல்லவும் தோன்றவில்லை. சொன்னால் நம்புவீர்களா, அவளுக்காக நானே சமாதானம் பேசிக்கொண்டேன். டை கட்டினவர்கள் நடமாடுகிற இடம், கூட வேலை செய்கிற பெண்கள் பவுடரும் சென்டுமாக வருகிறவர்கள், அதில் போய் மீன்காரி பெண் என்று தெரிந்தால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது? என்னைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருக்கும்போது அவளுக்கு இருந்தால் என்ன தப்பு? அன்றிலிருந்து அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. மீன் விற்றுவிட்டு வரும்போது எதிர்ச்சாரியில் நடப்பேன். கல் பருப்பையே தின்றோம்.

ஆனால் மனசு கேட்குமா? பெற்ற பெண் யூனிபார்ம் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஊரில் இருக்கிறவனெல்லாம் பார்க்கிறான், நான் மட்டும் பார்க்கவில்லை. ஆடி மாசத்தில் ஒருநாள் மடவை மீன் நன்றாக வந்திருந்தது. கூடை சீக்கிரமே காலியாகிவிட்டது. சமையல் எண்ணெய்க்குத் தள்ளுபடி என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள். எண்ணெய் வேண்டித்தான் இருந்தது. சரி, எண்ணெய் வாங்கின மாதிரியும் ஆகும், தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்த மாதிரியும் ஆகும், வேறு கவுண்டரில் பில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். குழாயடியில் கையும் காலும் முகமும் கழுவினேன். பூக்காரியிடம் கொஞ்சம் மல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். வாசனைக்குத்தான். கூடையைச் சாக்கடை ஓரம் கவிழ்த்தேன். கதவை இழுத்தேன். "தள்ளுங்கம்மா" என்றார்கள்.

உள்ளே போய் பிஸ்கெட் அடுக்குக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். ஐயோ, என் கண்ணே பட்டுவிடும். நீலச் சட்டை, தலையைத் தூக்கி வாரின கொண்டை, கழுத்தில் அட்டை. கை பாட்டுக்கு மெஷினில் ஓடுகிறது, வாய் பாட்டுக்கு எதிரே நிற்கிறவரோடு பேசுகிறது. வீட்டில் ஒரு வெங்காயம் உரிக்க ஆயிரம் நொட்டை சொல்கிறவள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் இந்தப் பக்கம் திரும்புகிற மாதிரி தெரிந்ததும் தலையை இழுத்துக்கொண்டேன்.

எண்ணெய் பாக்கெட்டுகளைக் கடை நடுவில் ஒரு மேடையில் குவித்து வைத்திருந்தார்கள். நான் போகும்போதே குவியல் கரைந்து அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஒரு மூலையில் கொஞ்சம் பாக்கெட் கிடந்தது. அது நம்முடையது என்று மனசில் வைத்துக்கொண்டேன். கையில் இருந்த பிளாஸ்டிக் கூடையில் பருப்பும் உளுந்தும் ரொம்பி இருந்தன. எண்ணெயையும் அதில் போட்டுக்கொண்டு சுற்ற முடியாது. அதைவிட, போவதற்கு முன்னால் இன்னொரு தடவை பிஸ்கெட் அடுக்குப் பக்கம் போய் என் பெண்ணைப் பார்க்கணும் போலிருந்தது. அதனால் தோளில் கிடந்த சும்மாட்டுத் துணியை எடுத்து அந்த எண்ணெய் பாக்கெட்டுகள் மேல் போட்டுவிட்டுப் போனேன்.

இதில் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை, கை தானாகச் செய்தது. எங்கள் கரையில் ஏலம் முடிந்ததும் மீனைக் கூறு கூறாகப் பிரித்து மணலில் குவிப்பார்கள். உன் கூறு எது என்று முடிவானதும், தலையில் கூடைக்கு அடியில் சுற்றி வைக்கிற சும்மாட்டை எடுத்து அதன்மேல் போட்டுவிட்டு நீ எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஐஸ் வாங்கப் போகலாம், டீ குடிக்கப் போகலாம், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடப் போகலாம். நீ வரும்வரை ஈ மொய்க்கும், காக்கா சுற்றும், மனுஷர் கை படாது. சும்மாடு கிடக்கிற கூறைத் தொட்டால் அந்தப் பெண்பிள்ளையின் முந்தானையைத் தொட்ட மாதிரி. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் அப்புறம் தண்ணீர்கூடப் புழங்காது.

மகளைக் கண் நிறையப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன். ஓர் ஆள் என் எண்ணெய் பாக்கெட்டுகளைத் தன் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு நிற்கிறாள். சும்மாடு தரையில் கிடக்கிறது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எங்கே நிற்கிறேன், யார் பார்க்கிறார்கள், என்ன நினைப்பார்கள், எல்லாம் மறந்துபோயிற்று.

"யோவ்! யாருதுன்னு நெனச்சி எடுக்குற? கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

அந்த ஆள் மிரண்டு போனார். "என்னம்மா? இது ஆஃபர்ல வச்சிருக்காங்க. யார் வேணா எடுக்கலாம்."

"சும்மாடு போட்டுட்டுப் போயிருக்கேன் இல்ல? அத்தத் தூக்கிப் போட்டுட்டு எடுக்குற? சோறுதான துன்ற நீ?"

"உங்க பேரா எழுதியிருக்கு இதுல?"

"பேரு எழுதுவாங்களாய்யா? துணி கெடக்குது, தெரியல?"

"விட்டுட்டு வாங்க" என்றாள் அவர் மனைவி மூக்கிலிருந்து கையை எடுக்காமலே. "இவங்களோட எல்லாம் போய்ப் பேசிக்கிட்டு."

"இவங்கன்னா எவங்கமே? மூஞ்சியத் தொறந்து பேசு! நாங்க புடிச்சாந்து குடுக்குற மீனைத் துன்னும்போது மூக்க மூடிகினுதான் துன்றியா?"

கடை மொத்தமும் நின்றுவிட்டது. தள்ளுவண்டி சத்தம்கூட இல்லை. யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள். டை கட்டின ஆள் ஒருவர் குப்பை வாருகிற முறத்தோடு வந்து, என் சும்மாட்டை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து எடுத்து முறத்தில் போட்டார்.

"அது என்னுது" என்றேன்.

"இதுவா? தரை தொடைக்கிற துணின்னு நெனச்சேன்."

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். அதில்தான் என் கோபமெல்லாம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. கோபம் போன இடத்தில் வெட்கம் வந்து நின்றது. சுற்றிப் பார்த்தேன். எல்லாக் கண்ணும் என்மேல். தலையில் மல்லிப்பூ வேறு. அதைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது.

அப்போதுதான் சூப்பர்வைசர் வந்தார். கொஞ்சம் வயசான மனுஷர். என்னைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார், பிறகு பில் கவுண்டர் பக்கம் திரும்பி என் மகளைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் எழுந்து வந்தாள்.  போயிற்று, எல்லாம் போயிற்று. இந்த ரகளை பண்ணினவள் உன் அம்மாவா என்று கேட்கப் போகிறார், அவள் ஆமாம் என்று சொல்லப் போகிறாள், நாளைக்கு வேலை இருக்காது, அடுத்த முகூர்த்தத்தில் படகுக்காரர் வீடு.

சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். "ஏம்மா, இவங்கள..."

முடிக்க விடவில்லை நான்.

"அந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது சார். அத்த இன்னாத்துக்கு இதுல இஸ்துகினு வர்றீங்க? நான் யாரோ, அது யாரோ. தப்பு என்னுது. நான் போறேன்."

 கவுண்டர்களில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மகள் வாய் திறந்தபடி நின்றவள் மெதுவாக மூடிக்கொண்டாள். பிறகு முறத்திலிருந்து என் சும்மாட்டை எடுத்து, உதறி, நாலாக மடித்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க துணி."

வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பருப்பு, உளுந்து எல்லாம் அங்கேயே கிடந்தன. நிஜத்தைச் சொல்கிறேன், பஸ்ஸில் வரும்போது அசிங்கப்பட்டது ஒரு பக்கம் குத்தினாலும் இன்னொரு பக்கம் எனக்கு ஒரு பெருமை. எப்படிச் சட்டென்று யோசித்தேன் பார், பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் பார் என்று. அவளும் புரிந்துகொண்டு யாரோ மாதிரியே பேசினாளே, கெட்டிக்காரி, என் வயிற்றில் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள் என்று.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். ஒரு பையை என் முன்னால் வைத்தாள். எண்ணெய் பாக்கெட்டுகள். நான் விட்டுவந்த பருப்பும் உளுந்தும்.

"ஏது கண்ணு?"

"சூப்பர்வைசர் சார் ஸ்டோர்லேர்ந்து எடுத்துக் குடுத்தாரு. ஒங்கம்மா கேட்டாங்களே, பில் போட்டு எடுத்துனு போய்க் குடுன்னு."

எனக்கு விளங்கவில்லை. "ஒங்கம்மாவா? எப்டி தெரியும் அவருக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்மா." அவள் குரல் உடைந்துபோயிருந்தது. "மொத நாளே போன்ல ஒன் போட்டோவக் காட்டிட்டேன். கூடையோட நிக்கிறியே, அந்தப் போட்டோ. எங்கம்மா மீன் வித்துதான் என்னப் படிக்க வச்சாங்கன்னு சொல்லியிருக்கேன். மத்தியானத்துல நீ கட்டிக் குடுக்கற கருவாட்டுக் கொழம்ப எல்லாரும் புடுங்கித் துன்றாங்க. நீ இன்னிக்கி உள்ள வரும்போதே பொண்ணுங்க பாத்துட்டு, ஒங்கம்மா வந்துகீறாங்கன்னு சொன்னாங்க. நீ பிஸ்கெட் ரேக் பின்னால ஒளிஞ்சினு நின்னதக்கூட பாத்தாங்க. சிரிச்சினு இருந்தோம்."

"அப்புறம் சார் இன்னாத்துக்குக் கூப்ட்டாரு ஒன்ன?"

"ஒங்கம்மாவ உள்ள ரூமுக்குக் கூட்டினு போய் ஒக்கார வச்சி டீ வாங்கிக் குடுன்னு சொல்லக் கூப்ட்டாரு."

மூலையில் வலை பின்னிக்கொண்டிருந்த அவள் நைனா தலையைத் தூக்கினார். "நீ இன்னாமே பண்ண?" என்றார் என்னைப் பார்த்து.

நான் மகள் பக்கமே திரும்பினேன். கடைசியாக ஒரு கொம்பு கிடைத்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். "நீதான ஒன் கவுண்டருக்கு வராதன்னு சொன்ன?"

"வீட்டு ஆளுங்களுக்கு பில் போடக் கூடாதுன்னு ரூலும்மா. யாரா இருந்தாலும் போடக் கூடாது. அதுக்காகச் சொன்னேன். நீ இன்னா நெனச்ச?"

நான் என்ன நினைத்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவளே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. என் பெண்ணை இத்தனை வருஷம் வளர்த்து, அவளை இவ்வளவுதான் தெரிந்து வைத்திருந்தேன். அவள் என்னை ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். நான் ஊர் பார்க்க அவளைத் தெரியாது என்றுவிட்டேன். அந்தக் கவுண்டர் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது இப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அடுப்பு மேடையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நாளைக்கே வர்றேன் கண்ணு. எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்."

"வேணாம். நான் சொல்லிட்டேன்."

"இன்னான்னு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியாது, ரெண்டு கண்லயும் பொரை, கிட்ட வந்து நின்னாக்கூட யாருன்னு தெரியாது, அதான் என்ன அடையாளம் தெரியல, பிஸ்கெட் ரேக் பின்னால நின்னதுகூட வழி தெரியாமத்தான்னு சொன்னேன். பாவம்னு சொன்னாங்க."

போன மாதம் அவள் வேலை நிரந்தரமாயிற்று. சொன்ன வார்த்தைப்படி அவள் நைனாவும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. நானும் மறுபடி கடைக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். போகாமல் இருந்தால், தெரிந்தேதான் பெண்ணைத் தெரியாது என்றாள், அந்த வெட்கத்தில்தான் வரவில்லை என்று ஆகி, அவள் சொன்னது பொய்யாகிவிடுமே. கரையில் நின்றபடியே, ஏரியில் புள்ளியாக வருகிற படகு யாருடையது என்று சொல்லிவிடுகிறவள் நான். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இப்போது சூப்பர் மார்க்கெட்டில் தடவித் தடவி நடக்கிறேன். கதவை அவர்களே திறந்துவிடுகிறார்கள். ஸ்பிரே அடிக்கிற பெண் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறாள். பாக்கெட்டில் இருக்கிற விலையைக் காதருகில் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாள், நான் ஏற்கெனவே படித்து முடித்த விலையை. வாட்ச்மேன் கூடையை உள்ளேயே வைத்துக்கொள்கிறார். சென்னையில் இலவசமாகக் கண் ஆபரேஷன் செய்கிற இடம் ஒன்று இருக்கிறதாம், அந்தச் சூப்பர்வைசர் விசாரித்து வைத்திருக்கிறார். அவர் அன்பாகப் பேசப் பேச எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சாமான் எடுத்து முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் அவர் என் தோளைத் தொட்டுத் திருப்பி, "அம்மா, அதோ பாருங்க, அந்தக் கடைசிக் கவுண்டர்ல, நீலச் சட்டை. யாருன்னு தெரியுதா?" என்று கேட்கிறார். கடையில் இருக்கிற பெண்கள் எல்லாரும் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு என் வாயையே பார்க்கிறார்கள். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.

"தெரியுது சார். என் பொண்ணு."

"கரெக்ட்!" என்று எல்லாரும் கை தட்டுகிறார்கள். என் மகள் மட்டும் தலையைத் தூக்காமல் பில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.